க்ராக்ஸுக்கு, கொஞ்சம் தாமதமாக

அன்புள்ள க்ராக்ஸ்,

போன வாரம் மாடிப்படி ஏறும்போது முழங்கால் ‘டக்’கென்று ஒரு சத்தம் போட்டது. எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. டாக்டர் ஞாபகம் வருவதற்கு முன்னால் உங்கள் ராப் குழு இஞ்சுரி ரிசர்வின் ‘நீஸ்’ (முழங்கால்கள்) பாட்டுதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் கால் வலித்தால் வளர்கிறாய் என்று வீட்டில் சொல்வார்கள், இனிமேல் ஒரு அங்குலம்கூட வளரப்போவதில்லை என்று ஆன பிறகும் வலித்தால் அதற்கு என்ன பெயர்? இதை ஒரு ராப் பாட்டில் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. படியிலேயே உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டேன், அப்புறம் எழுத ஆரம்பித்துவிட்டேன். 2020 ஜூன் 29இல் நீங்கள் இறந்த பிறகு உங்களுக்கு யார் என்ன எழுதினாலும் போய்ச் சேராது என்று தெரியும். பரவாயில்லை, சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் ஒரு மன்னிப்பு. இஞ்சுரி ரிசர்வை நான் கேட்க ஆரம்பித்தது பார்க்கர் கோரியின் இசைக்காக. ஒரு பீட்டைக் கட்டி, அது பிடிக்க ஆரம்பிக்கும் நேரம் பார்த்து உடைத்துப்போடுவாரே, அதற்காக. அடுத்தது உங்களோடு சேர்ந்து ராப் பாடிய ரிச்சி, குரலில் அவ்வளவு வேகம், அவ்வளவு திமிர். நீங்கள் வரும் இடத்தில்தான் போனை எடுத்து மெசேஜ் பார்ப்பேன். சோதனை முயற்சி என்று பேர் வாங்கிய குழுவில் இந்த ஆள் மட்டும் ஏன் டீக்கடையில் பேசுவதுபோலப் பேசுகிறார் என்று எரிச்சல்கூட வந்திருக்கிறது. புரிய எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அந்தக் கலைந்த சத்தங்களுக்கு நடுவே பிள்ளைகள், கடன், குடி, களைப்பு என்று முப்பதை நெருங்கும் ஒரு குடும்பஸ்தன் உள்ளது உள்ளபடி பேசினாரே, குழுவிலேயே பெரிய துணிச்சல் அதுதான். சத்தத்தை உடைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆரம்பத்தை நினைத்துப் பார்க்கிறேன். அரிசோனா பாலைவனம், ஃபீனிக்ஸ், பக்கத்திலேயே டெம்பி. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், அட்லாண்டா என்று ராப் வரைபடத்தில் பேர் போட்ட ஊர் எதுவும் பக்கத்தில் இல்லை. ரிச்சியின் அம்மா பொறுப்பில் இருந்த ஷூ கடையில் நீங்கள் வேலை பார்த்தீர்கள், பழக்கம் அங்கே. மற்ற இருவரையும்விட நீங்கள் வயதில் மூத்தவர். 2015இல் வந்த முதல் பெரிய தொகுப்புக்கு ‘லைவ் ஃப்ரம் தி டென்டிஸ்ட் ஆபீஸ்’ என்று பெயர் வைத்தபோது அது வெறும் நக்கல் என்றுதான் நினைத்தேன், பார்க்கரின் தாத்தாவுடைய பல் ஆஸ்பத்திரியில்தான் நிஜமாகவே ஒலிப்பதிவு செய்தீர்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த வருடமே ‘ஃப்ளாஸ்’. பல் இடுக்கில் விடும் நூலுக்கும் அதே பெயர், ராப்பில் பகட்டு காட்டுவதற்கும் அதே சொல், இந்த மாதிரி குறும்புக்குக் கை கொட்டாமல் இருக்க முடியுமா?

2019இல் குழுவின் பெயரிலேயே வந்த ஆல்பத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லாரையும் அழைத்த கல்யாணம் மாதிரி இருந்தது. ரிக்கோ நாஸ்டி, ஃப்ரெடி கிப்ஸ், ஜேபெக்மாஃபியா, அமினே என்று விருந்தாளியாக வந்த ராப் பாடகர்கள் யாருக்கும் குறை வைக்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் தேட வேண்டியிருந்தது. ராப் பாட்டு செய்வது எப்படி என்று சமையல் குறிப்பு போல ஒரு குரல் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் பாட்டு ஒன்று இருக்கிறதே, முதல் தடவை சிரித்தேன், மூன்றாம் தடவை தாண்டிப் போனேன். ஆனால் அதே ஆல்பத்தில் ‘வாட் எ இயர் இட்ஸ் பீன்’ பாட்டில் குடியைப் பற்றியும் மனச்சோர்வைப் பற்றியும் அலங்காரமே இல்லாமல் பேசினீர்கள். தாண்டிப் போக முடியவில்லை.

அப்புறம் அந்தக் கடைசி ஆல்பம். 2021 செப்டம்பரில், எந்தக் கம்பெனியும் இல்லாமல், ரிச்சியும் பார்க்கரும் தாங்களே வெளியிட்டார்கள். அதை எல்லாரும் உங்களுக்கான ஒப்பாரி என்றே கேட்கிறார்கள். பாதிதான் உண்மை. ஸ்டாக்ஹோமில் ஒரு இத்தாலிய உணவகத்தின் பின்பக்கம் மூவரும் திட்டமில்லாமல் வாசித்த ஒரு நிகழ்ச்சியில் முளைத்த யோசனை அது, பெரும்பகுதி நீங்கள் இருக்கும்போதே உருவாகிவிட்டது. தாளம் கால் இடறி விழுவதும், கிதார் துண்டு துண்டாகச் சிதறுவதும், ரிச்சியின் குரல் யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல நெளிவதும் உங்கள் சாவுக்கு முன்பே அங்கே இருந்தன. அதனால்தான் கேட்கப் பயமாக இருக்கிறது. நடந்ததைச் சொல்லும் பாட்டு என்றால் அழுதுவிட்டுப் போய்விடலாம், நடப்பதற்கு முன்பே இடிந்து நிற்கும் பாட்டை என்ன செய்வது?

ரிச்சி பாடுவதில் உங்களை நினைக்காமல் என்னால் கேட்க முடியாதது ‘டாப் பிக்ஸ் ஃபார் யூ’. போன மனிதரின் ரசனையை டி.வி.யில் இருக்கும் செயலி இன்னும் மறக்காமல், அடுத்து இதைப் பாருங்கள் என்று நீட்டிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான் பாட்டு. எங்கள் வீட்டிலும் இதே கதை. அப்பா போய் மூன்று வருடம், யூடியூபைத் திறந்தால் முதல் வரிசையில் போர்வெல் மோட்டார் ரிப்பேர், அடுத்தது நாதஸ்வரம். ஒரு தடவை என் தம்பி அந்தக் கணக்கை மாற்றிவிடலாம் என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ரிமோட்டை மட்டும் எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அப்பாவுக்கு மோட்டார் ரிப்பேர் சிபாரிசு வந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த ஆல்பத்தில் உங்கள் குரல் வருவது கொஞ்ச இடத்தில்தான். ‘நீஸ்’ பாட்டில், இந்தக் கிளாஸோடு சரி என்று தனக்கே சத்தியம் செய்துவிட்டு, போன தடவையும் இதைத்தானே சொன்னோம் என்று தனக்கே பிடிபட்டுப்போகும் ஆளாக வருகிறீர்கள். நான் போன் பார்த்துக்கொண்டிருந்த வருடங்களிலும் நீங்கள் இதே மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தீர்கள். இப்போது அந்த இடம் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.

மற்ற இருவரைப் பற்றி ஒரு சேதி. உங்கள் பெயரில்லாமல் பழைய பெயரை வைத்துக்கொண்டு ஓட்டவில்லை. கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘பை ஸ்டார்ம்’, அதிலிருந்து எடுத்து ‘பை ஸ்டார்ம்’ என்றே 2023இல் புதுக் குழு. எழுத்தில் மட்டும் சின்ன வித்தியாசம், பாட்டில் இருப்பது விடைபெறும் பை (Bye), குழுவில் இருப்பது வெறும் By. இப்போது இருப்பது இரண்டே பேர், முதலில் விட்ட பாட்டின் பெயரோ ‘டபுள் ட்ரியோ’, ட்ரியோ என்றால் மூவர். மூன்றை விட மனசு வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கடைசி ஆல்பத்துக்கு ‘பை தி டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்’ என்ற பழைய பாட்டின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தானாம், அதுவும் சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸ் 1969இல் பாடிய வடிவத்தை மனதில் வைத்து. அது பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். அவர் உடனே பாட மாட்டார், ஒரு மனிதன் வீட்டை விட்டுக் கிளம்பும் கதையை ஒற்றை ஸ்வரம் பின்னால் நீண்டுகொண்டே இருக்க, சாவகாசமாகப் பேசிக்கொண்டே போவார். உங்களுக்குப் பிடித்தது ஊர்ப் பெயரா, இல்லை அந்தப் பேச்சா?