அளவு கொடுத்தது ஒன்று, அனுப்பியது வேறு: ஃபிளாட் நிட் ஸ்டாக்கிங் தொடர்பான புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர் – 607 001

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆர்டர் செய்த ஸ்டாக்கிங்குக்குப் பதில் வேறு ரகம் அனுப்பியது; பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். ஆர்டர் எண், பில், அளவுத் தாள் எல்லாம் இணைத்திருக்கிறேன். இனி யாரும் போன் செய்து ஆர்டர் எண்ணைக் கேட்க வேண்டாம். உங்கள் கஸ்டமர் கேரில் எடுத்தவர் எல்லோரிடமும் ஒப்பித்து ஓய்ந்துவிட்டேன்.

என் மாமியாருக்கு இடது காலில் யானைக்காலால் வந்த நிணநீர் வீக்கம். கேட்டது வீக்கத்தை அழுத்திப் பிடிக்க முழங்காலுக்குக் கீழ் வரை வரும் ஃபிளாட் நிட் ஸ்டாக்கிங் (தட்டையாகப் பின்னிப் பின்னால் தைப்பது), அழுத்தத் தரம் கிளாஸ் 3, விரல் பக்கம் திறந்தது, அளவெடுத்துப் பின்னியது. வந்தது 'எக்ஸ்எல்' என்று ஒட்டிய ரெடிமேட் சர்குலர் நிட் (குழாய் போல் வட்டமாகப் பின்னியது). பின்னால் தையலே இல்லை என்பதைப் பார்த்தாலே தெரியுமே! உங்கள் பொருள், உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் ஆட்கள் பேசுவதைக் கேட்டால் எடுக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது. சர்குலர் நிட்டில் மேலிருந்து கீழ் வரை கண்ணி எண்ணிக்கை ஒன்றுதான்; நூலை இறுக்கியும் தளர்த்தியும் வடிவம் கொண்டுவருகிறீர்கள். கணுக்கால் 29.5 செ.மீ., கெண்டைக்கால் 46 செ.மீ. உள்ள, மடிப்பு விழுந்த காலில் அந்த மெல்லிய துணி மடிப்புக்குள் இறங்கிக் கயிறு கட்டினாற்போல் வெட்டுகிறது. மேல் பட்டை சுருண்டு இறங்கி முழங்காலுக்குக் கீழே அடைத்துக்கொள்கிறது. வீக்கம் வடிவதற்குப் போட்ட உறையே வடிய விடாமல் தடுக்கிறது. ஃபிளாட் நிட் தடிமனானது, கண்ணி கூட்டியும் குறைத்தும் பின்னுவது. மடிப்பின் மேல் பாலம் போல் நிற்கும். அதற்குத்தான் கூடுதல் விலை, அந்த விலையை முழுதாக வாங்கிக்கொண்டீர்கள்.

எங்கே தவறியது என்பதும் தெரிகிறது. உங்கள் படிவத்தில் பாதம், குதிகால்-மேற்பாதச் சுற்று, கணுக்கால், அதற்கு மேல் கெண்டைக்கால் தொடங்கும் இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், முழங்காலுக்குக் கீழே என்று ஆறு சுற்றளவு. கணுக்கால் முதல் மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் தரையிலிருந்து உயரம் தனி. தெரபிஸ்ட் அத்தனையும் எழுதிக் கொடுத்தார். புதுச்சேரி டீலர் கடைப் பையன் அதை மொபைலில் படமெடுத்தபோது உயரக் கட்டங்கள் வெட்டுப்பட்டுப் போயின. உங்கள் அலுவலகத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்காமல் ரெண்டு அளவை வைத்து ரெடிமேட் அட்டவணையில் பொருத்தி அனுப்பிவிட்டீர்கள்.

டீலரிடம் போனால் "கம்பெனியைக் கேளுங்க". கம்பெனியைக் கேட்டால் "டீலர்கிட்ட குடுங்க". கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வயதான மனுஷியின் காலைத் தொங்கப்போட்டு பஸ்ஸில் அழைத்துப் போக முடியாது, ஆட்டோ பேசித்தான் போனோம். அங்கே கடைசியில் எடுத்து நீட்டியது என்ன தெரியுமா? விரலருகே ஓட்டை வைத்த வெள்ளை ஸ்டாக்கிங்! அது ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடப்பவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்கப் போடுவது. கணுக்காலில் 18 மி.மீ. பாதரச அளவு அழுத்தம்தான். யானைக்கால் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) மையம் இருக்கிற ஊரில் கடை வைத்துக்கொண்டு இதையா எடுத்து நீட்டுவார்கள்?

அந்தக் கஸ்டமர் கேர் அதிகாரியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். லேபிளில் 'கிளாஸ் 3' என்று மட்டும் இருக்கிறது, எந்த நாட்டுத் தரக் கணக்கு என்று கேட்டேன். ஜெர்மன் கணக்கில் கிளாஸ் 3 என்றால் 34 முதல் 46 மி.மீ. பாதரசம். பிரிட்டிஷ் கணக்கில் 25 முதல் 35 தான். அவர் சொன்ன பதில்: "கிளாஸ் 3ன்னா ரொம்ப டைட் மேடம், அவ்வளவுதான்." மறுபடி கேட்டதற்கு, "நீங்க என்ன டாக்டரா?" பிறகு, தேங்காய் எண்ணெய் தடவி ஸ்டாக்கிங்கைக் கெடுத்துவிட்டோமாம். தோல் வெடித்துக் கிருமி போகாமலிருக்க ராத்திரி ஸ்டாக்கிங்கைக் கழற்றிய பிறகு தடவுவது வழக்கம். உங்கள் துண்டுத்தாளே அப்படித்தான் சொல்கிறது. போட்டுப் பார்த்ததால் திரும்ப எடுக்க மாட்டீர்களாம். போடாமல் சரியில்லை என்று எப்படி அறிவது? "அதுவரைக்கும் கிரேப் பேண்டேஜ் சுத்திக்கோங்க" என்று இலவச வைத்தியம் வேறு. நன்றாக இழுபடும் பேண்டேஜ் படுத்திருக்கும்போது இறுக்கும், நடக்கும்போது விட்டுக்கொடுக்கும். இந்தக் காலுக்கு வேண்டியது நேர்மாறு.

நஷ்டம் பில் தொகையோடு நிற்கவில்லை. பஞ்சுப் பட்டை வைத்து, அதிகம் இழுபடாத ஷார்ட் ஸ்ட்ரெட்ச் பேண்டேஜை அடுக்கடுக்காகச் சுற்றி, கால் இதற்கு மேல் இறங்காது என்ற நிலை வந்த பிறகு, காலையில் கட்டை அவிழ்த்த கையோடு தெரபிஸ்ட் எடுத்த அளவுதான் அந்தத் தாளில் இருப்பது. ஸ்டாக்கிங் வந்து ஏறும்வரை கட்டு தொடர வேண்டும். உங்கள் இழுத்தடிப்பில் கட்டு நைந்தது, கால் பழையபடி நிரம்பிவிட்டது. அந்த அளவுத் தாள் இனி குப்பைக்குத்தான். இப்போது அளவெடுத்தால் வீங்கிய காலுக்குத்தான் உறை வரும். முதலிலிருந்து கட்ட வேண்டும். குடும்பமே குலைந்து போயிற்று. நீங்கள் லட்ச ரூபாய் கொடுத்தாலும் ஈடாகாது.

தயவுசெய்து இவற்றைச் செய்து கொடுங்கள். பில் தொகை முழுவதும், மறுபடி கட்டுவதற்கான பேண்டேஜ், தெரபிஸ்ட் செலவும் திரும்ப வேண்டும். இல்லையென்றால் கட்டு முடியும் நாளில் பயிற்சி பெற்ற ஆளை வீட்டுக்கு அனுப்பி அளவெடுத்து, ஒன்று துவைக்க ஒன்று போட என்று இரண்டு ஃபிளாட் நிட் கொடுங்கள், மி.மீ. அளவும் தரக் கணக்கும் லேபிளில் இருக்கட்டும். அந்த அதிகாரி எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும், அடுத்து கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. வக்கீலிடம் பேசியாயிற்று. அந்த 'எக்ஸ்எல்' ஸ்டாக்கிங்கைப் பெட்டியோடு வைத்திருக்கிறேன். எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள், இனி புதுச்சேரிக்கு நாங்கள் வரமாட்டோம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், அளவுத் தாள், லேபிளின் படம், காலில் பட்டை வெட்டிய தடத்தின் படம்