படப்பெட்டி இங்கே தாமதமாகத்தான் வருகிறது, அப்பா

அமகசாகி, ஜப்பான்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியிடம் சொல்லி வாங்கச் சொல்லுங்கள். போனில் பேசினால் நீங்கள் "சாப்பிட்டியாம்மா, குளிர் எப்படி இருக்கு" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். எனக்கு உங்களிடம் சினிமா பேச வேண்டும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலை பழகிவிட்டது. முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், மாதத்தில் நாலைந்து ராத்திரி ஷிப்ட். முதல் மூன்று மாதம் பாஷை புரியாமல் குளியலறையில் நின்று அழுதிருக்கிறேன். இப்போது பரவாயில்லை. பாஷை வந்ததற்குப் பாதிக் காரணம் படம்தான்.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவருக்கு வயது 81. பெயரை வெளியே சொல்லக்கூடாது, அது இங்கே வேலை விதி. அவருக்கு வலது கை சரியாக வராது. நான் சேர்ந்த இரண்டாவது வாரம், தலை துவட்டிக்கொண்டிருந்தபோது எந்த ஊர் என்று கேட்டார். இந்தியாவில் தெற்கே, தமிழ்நாடு என்றேன். "தமிழா? முத்து பேசுகிற தமிழா?" என்றார். நான் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த துண்டை இடது கையால் வாங்கி, கழுத்தைச் சுற்றி வீசிப் பார்த்தார். பாதிதான் வந்தது, துண்டு காதில் மாட்டித் தொங்கியது. ஆனால் அது ரஜினி வீச்சு அப்பா. எந்த ஊரில் பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

1998இல் டோக்கியோவில் ஷிபுயா என்ற இடத்தில் சினிமா ரைஸ் என்ற தியேட்டரில் ரஜினியின் முத்து ஓடியிருக்கிறது. இங்கே அதற்கு வைத்த பெயர் 'முத்து, ஆடும் மகாராஜா'. பாட்டி அப்போது டோக்கியோவில் வேலை பார்த்தாராம். மூன்று தடவை பார்த்திருக்கிறார். அலமாரி இழுப்பறையில் துணிக்கு அடியில் அந்தப் படத்தின் பாம்ஃப்லெட் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு படத்துக்கும் தியேட்டரிலேயே புத்தகம் போட்டு விற்பார்கள். நடித்தவர்கள், எடுத்தவர்கள், அந்த ஊர்ப் பழக்கவழக்கம் எல்லாம் அதில் இருக்கும். பாட்டியின் புத்தகம் ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருக்கிறது. மீனா படம் இருக்கிற பக்கத்தைத் திறந்து, "இந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள்?" என்று கேட்டார். இன்னும் நடிக்கிறார் என்றேன். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. 2018இல் அதே படத்தை 4கே என்கிற துல்லியமான தரத்துக்கு மாற்றித் திரும்பவும் வெளியிட்டபோது அவரால் நடந்து போக முடியவில்லை. அதை இன்னும் சொல்லி வருத்தப்படுகிறார்.

நீங்கள் சொல்வீர்களே, 95 தீபாவளிக்கு வந்த படம் நீங்கள் ஆபரேட்டராக இருந்த நம் தியேட்டருக்குப் பொங்கல் கழித்துத்தான் வந்தது என்று. பஸ் மேலே இருந்து படப்பெட்டியை இறக்கும்போது பையன்கள் கூடவே ஓடி வந்த கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டி ஜப்பானுக்கு வர இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வந்தபின் இவர்கள் கொண்டாடியதும் நம் பையன்கள் கொண்டாடியதும் ஒன்றுதான். 2022இல் ஆர்ஆர்ஆர் இங்கே வந்தபிறகுதான் முத்துவின் வசூலை இன்னொரு இந்தியப் படம் தாண்டியது. 24 வருடம் நின்ற சாதனை.

இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில், த்சுகாகுச்சி ஸ்டேஷனை ஒட்டி சன்சன் தியேட்டர் என்று ஒன்று இருக்கிறது. இந்தியப் படத்துக்கு அங்கே 'மசாலா காட்சி' போடுவார்கள். சாதாரணக் காட்சியில் ஜப்பான்காரர்கள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. மசாலா காட்சியில் மணி, கஞ்சிரா மாதிரி ஒன்று, கயிற்றை இழுத்தால் பட்டென்று வெடிக்கிற காகிதப் பட்டாசு, கை கையாகக் காகிதத் துண்டு என்று அமர்க்களம். கதாநாயகன் முகம் தெரிந்ததும் நம் ஊர் முதல் நாள் காட்சிதான். பெண்கள் சேலை கட்டி வருகிறார்கள். நான் முதல் தடவை போனபோது வாசலில் ஒரு பெண் கொசுவம் நிற்காமல் தவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மடிப்பு பிடித்து, ஊக்கு குத்திவிட்டேன். பின்னாலேயே நாலு பேர் வரிசையில் நின்றார்கள். படம் ஆரம்பிக்கும்வரை எனக்கு அதுதான் வேலை. முடிந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் குனிந்து காகிதத்தைக் கூட்டி அள்ளினார்கள். தியேட்டர் கூட்டுகிற நம் முத்தம்மா அக்காவை நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பழகியவர்கள்தான் இப்போது என் கூட்டாளிகள். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், மருந்துக்கடைக்காரப் பெண் ஒருவர். படம் முடிந்ததும் ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக் கடையில் உட்காருவோம். பார்த்த படத்தைப் பேசி முடித்தபின் வரப்போகிற படம். தியேட்டர் வாசலில் வரும் படங்களின் நோட்டீஸ் அடுக்கி வைத்திருப்பார்கள், இலவசம். சிராஷி என்பார்கள். டீச்சர் அதை மடங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் பரப்புவார். இது பார்க்கலாமா, இந்த டைரக்டர் முன்னால் என்ன எடுத்தார், பாட்டு எத்தனை என்று ஒவ்வொன்றாகப் போகும்.

இதில் எனக்கு ஒரு சங்கடம். இவர்களுக்கு வரப்போகிற இந்தியப் படம் பெரும்பாலும் எனக்குப் பழைய படம். நம் ஊரில் ஓடி முடிந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் வருகிறது. முதல் தடவை ஒரு நோட்டீஸைப் பார்த்ததும், "இதில் கடைசியில் தம்பி செத்துப்போவான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மேஜையே அமைதியாகிவிட்டது. யாரும் கோபப்படவில்லை. டீச்சர் அந்த நோட்டீஸை மெதுவாக எடுத்து உறைக்குள் வைத்தார், அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டி வராத ஊரில் முடிவைச் சொல்லிவிட்டேனே என்று இருந்தது. பெட்டி வருவதற்கு முன்னால் பக்கத்து ஊரில் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னவரை நீங்கள் தியேட்டர் வாசலில் வைத்துத் திட்டியது ஞாபகம் வந்தது. இப்போது பார்த்த படமானாலும் வாயைத் திறப்பதில்லை. வேட்டியை மடித்துக் கட்டினால் என்ன அர்த்தம், அவிழ்த்துவிட்டால் என்ன அர்த்தம் என்று கேட்டால் மட்டும் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்கள் பேசும்போது ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் குறுக்கே வருவதில்லை. என் முறை வந்ததும் "ராணி, உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நம் ஊர் டீக்கடையில் நீங்களும் பெரியப்பாவும் மணிக்கணக்காகப் படம் பேசுவீர்கள், நான் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். என்னை யாரும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, சின்னப் பிள்ளையை யார் கேட்பார்கள். ஆனால் இங்கே கேட்டபோது "நன்றாயிருந்தது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஆபரேட்டர் ரூமில் ஸ்டூல் போட்டு என்னை ஏற்றிவிட்டு நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது: "திரையைப் பாக்காத, ஜனத்தைப் பாரு." அடுத்த தடவை அதைத்தான் சொன்னேன். இரண்டாம் பாதியில் நாற்பது நிமிடம் போனபின் முன் வரிசைக்காரர்கள் உட்கார்ந்த நிலையை மாற்றினார்கள், அங்கே படம் கொஞ்சம் கீழே இறங்குகிறது, திரும்ப ஏற அம்மா வருகிற காட்சிவரை ஆகிறது என்றேன். ரயில்வே அண்ணன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இதை எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். என் அப்பா 27 வருடம் ஆபரேட்டர் என்றேன். சொல்லும்போது குரல் கம்மிவிட்டது.

அன்றிலிருந்து உங்களைப் பற்றித்தான் கேள்வி. மெஷினில் வெளிச்சத்துக்கு எரிக்கிற கார்பன் குச்சி எவ்வளவு நேரம் எரியும், ரீல் முடியும்போது ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்கு மாற்றும் நேரம் எப்படித் தெரியும் என்று. திரையின் வலது மேல் மூலையில் புள்ளி வரும், முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும், இரண்டாவதுக்கு மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புள்ளி தேய்ந்த பழைய பிரிண்ட்டில் என்ன செய்வார் என்றார்கள். வசனத்தை வைத்து மாற்றுவீர்களா, பாட்டை வைத்தா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒன்று தெரியுமா, இங்கே படம் முடிந்து பெயர் ஓடும்போது ஒருவர்கூட எழுந்திருப்பதில்லை. கடைசிப் பெயர் மறைந்து விளக்கு வரும்வரை அப்படியே இருக்கிறார்கள். நம் ஊரில் 'வணக்கம்' போடுமுன்னே கதவு திறந்துவிடும், நீங்களும் மெஷினை அணைத்துவிடுவீர்கள். உங்களை இங்கே ஒரு தடவை கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

சரி, ஒரு உதவி. பரணில் உள்ள தகரப் பெட்டியில் அறுந்த பிலிம் துண்டுகள் வைத்திருப்பீர்களே, அதில் முத்து இருக்கிறதா பாருங்கள். குதிரை வண்டி வருகிற துண்டு ஒன்றை நான் சின்ன வயதில் ஜன்னலில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். நாலைந்து கட்டம் இருந்தால் போதும். அட்டைக்கு நடுவில் வைத்து, மடங்காமல் தபாலில் அனுப்புங்கள். பாட்டியின் கட்டில் ஜன்னலோரம்தான், காலையில் நல்ல வெயில் வரும்.

உங்கள் மகள்
ராணி