பேனல் டிரக்கை மாற்றுவது வேறு, மீட்பது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பழைய பேனல் டிரக்குகளை, அதாவது மூடிய சரக்கு வேன்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை மிச்சிகனில் இருந்தபடி படித்தேன். இங்குள்ள தொழிற்சாலை ஒன்றின் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1948-ஆம் ஆண்டின் ஷெவர்லே பேனல் டிரக் ஒன்றை ஆறு ஆண்டுகள் செலவிட்டு ஸ்ட்ரீட் ராடாக, அதாவது பழைய உருவத்துக்குள் புது இயந்திரம் கொண்ட சாலை வண்டியாக மாற்றியவனும்கூட. தமிழில் இந்த விஷயத்தை எழுத ஒருவர் முன்வந்தாரே என்று முதலில் மகிழ்ந்தேன். ஆனால் புது இன்ஜினும் புது சஸ்பென்ஷனும் பொருத்திய வண்டியை 'மீட்டெடுக்கப்பட்ட வண்டி' என்று கட்டுரை நெடுகிலும் குறிப்பிட்டு, நம் ஊரில் கொட்டகையில் கிடக்கும் பழைய வேன்களையும் வாசகர்கள் இப்படியே செய்யலாம் என்று முடித்திருப்பதால், இக்கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று.

மீட்டெடுப்பு என்றால் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவருவது. திருகாணியின் தலை வடிவம்கூட அன்றைக்கு இருந்ததுபோல இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. ஸ்ட்ரீட் ராடு இதற்கு நேர் எதிரான வேலை. மேலே பழைய உருவம் நிற்கும். கீழே ஓடுவதெல்லாம் புதியது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் 1930-களில் இளைஞர்கள் மலிவான பழைய ஃபோர்டு வண்டிகளைப் பிரித்து, எடை குறைத்து, வேகம் கூட்டி ஓட்டிய பழக்கம்தான் இதற்கு வித்து. பந்தயத்துக்கு என்றில்லாமல் சாலையில் குடும்பத்தோடு ஓட்டிச் செல்வதற்கு என்று செய்யப்பட்டவை பின்னாளில் ஸ்ட்ரீட் ராடு என்ற பெயரில் தனிக் கிளையாயின. 1970-இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் இவற்றுக்கென்று தேசிய அளவிலான முதல் கூடுகை நடந்தது. 1948 வரையிலான வண்டிகளே ஸ்ட்ரீட் ராடு என்ற பழைய வரையறையை இங்குள்ள சில மாநிலங்களின் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. என் வண்டியும் 1949-ஆம் ஆண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தச் சட்டங்களின் கண்ணில் ஒன்று ஸ்ட்ரீட் ராடு, மற்றது வெறும் மாற்றியமைத்த வாகனம்.

பேனல் டிரக் என்பது என்ன என்பதையும் கட்டுரை தெளிவாக்கவில்லை. பிக்கப் வண்டியின் பின்னால் பெட்டி வைத்துக் கட்டிய வண்டி அல்ல அது. ஓட்டுநர் அறையிலிருந்து பின்கதவு வரை ஒரே இரும்புக் கூடு. பக்கங்களில் ஜன்னல் கிடையாது. பின்னால் இரட்டைக் கதவு. சரக்குப் பகுதியின் தரை மரப்பலகை. ரொட்டிக் கடை, சலவைக் கடை, பூக்கடை, குழாய் வேலைக்காரர் என்று ஊருக்குள் பொருள் கொண்டுபோகிறவர்கள் வாங்கினார்கள். ஜன்னல் இல்லாத அந்தப் பெரிய பக்கத் தகடுதான் அவர்களுடைய விளம்பரப் பலகை. கடையின் பெயரைத் தூரிகையால் எழுத ஒவ்வோர் ஊரிலும் கைதேர்ந்த ஆள் இருந்தார். தேய்ந்துபோகும் வரை உழைத்துவிட்டுக் காயலான் கடைக்குப் போவதே இவ்வண்டிகளின் விதியாக இருந்ததால், பிக்கப் வண்டிகள் கிடைக்கும் அளவுக்கு இவை இன்று கிடைப்பதில்லை.

இவற்றை ஏன் மாற்றுகிறார்கள் என்று கேட்பவர்கள், மாற்றாத வண்டி ஒன்றை நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் முதலில் இருந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், 90 குதிரைத்திறன். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகள், பேபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றிச் செய்தவை. அவற்றுக்கு எண்ணெய் போய்ச் சேர, ராடின் அடியிலுள்ள சிறு கரண்டிகள் எண்ணெய்த் தொட்டியில் அள்ள வேண்டும். பின் ஆக்சிலின் விகிதம் 4.11; அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜினிலிருந்து வரும் தண்டு நான்கு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். ஊருக்குள் மூட்டை ஏற்றிப் போக அது மிகப் பொருத்தம். மணிக்கு 45 மைல் வரை நிம்மதியாகவும் ஓடும். 70 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட இங்குள்ள நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அதை ஓட்டுவது அச்சம் தரும் வேலை. பிரேக் இன்னும் மோசம். நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவ வழி என்பதால், எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். மின்சாரமோ ஆறு வோல்ட்; இரவில் முகப்பு விளக்கு மண்ணெண்ணெய் விளக்குபோல் மினுங்கும்.

ஆகவே முன் ஆக்சிலையும் லீஃப் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, ஃபோர்டு நிறுவனம் 1974 முதல் 1978 வரை விற்ற மஸ்டாங் 2 காரின் முன்பகுதி அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்படும் கிராஸ்மெம்பரை, அதாவது முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பற்றவைத்தேன். ஷெவர்லே வண்டிக்கு ஃபோர்டு காரின் முன்கால் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஸ்ட்ரீட் ராடு உலகில் அது அன்றாட வழக்கம். இந்த ஒரு வேலையில்தான் பலர் வழுக்குகிறார்கள். டயரின் அளவையும் வண்டி நிற்க வேண்டிய உயரத்தையும் முதலில் முடிவு செய்து, சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, குறுக்கு மூலைகளை இரண்டு பக்கமும் அளந்து, அவை ஒத்துப்போன பிறகே வெல்டிங் துப்பாக்கியைத் தொட வேண்டும். கால் அங்குலம் பிசகினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டயர் ஓரம் தேயும். பற்றவைத்ததை வெட்டி எடுப்பது பற்றவைத்ததைவிட மூன்று மடங்கு வேலை. மற்றவை எல்லோரும் செய்வதுதான்: 350 கன அங்குல வி8 இன்ஜின், நெடுஞ்சாலையில் இன்ஜின் மெதுவாகச் சுழல உதவும் ஓவர்டிரைவ் உள்ள தானியங்கி கியர்பாக்ஸ், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர், பன்னிரண்டு வோல்ட் வயரிங்.

என் வண்டியை மாற்றியதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை. நான் வாங்கியபோது அதில் இன்ஜினே கிடையாது, தரைப்பலகை மக்கியிருந்தது, கதவுகளின் அடிப்பகுதி விரல் பட்டால் உதிர்ந்தது. ஆனால் அதே வேலையின் நடுவில் நடந்த ஒன்று, எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதில் என் எண்ணத்தைத் திருத்தியது. பெயின்டை நீக்குவதற்காகக் கூட்டை ஒரு பட்டறைக்கு அனுப்பியிருந்தேன். தட்டையான பெரிய தகட்டில் அழுத்தம் கூட்டி மணல் பீய்ச்சக் கூடாது என்பது இத்தொழிலில் பாலபாடம். சூட்டினால் தகடு வளைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மணல் மணியாய் வந்து மோதும் ஒவ்வோர் அடியும் சிறு சுத்தியலாகித் தகட்டின் ஒரு முகத்தை நீட்டிவிடுவதே முக்கியக் காரணம். நண்பகலில் நான் போய்ப் பார்த்தபோது வலப் பக்கம் முழுவதும் முடிந்து, கையால் அழுத்தினால் எண்ணெய் டின்னின் அடிபோல் 'டொக்' என்று உள்ளே போய் வெளியே வந்தது. அங்கேயே நிறுத்தச் சொல்லிக் கூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இடப் பக்கத்தைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் நானே தேய்த்தேன். மேலே யாரோ வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பு நிறப் பெயின்டின் மிச்சம், அதன் கீழே ஒரு மங்கிய பச்சை. மூன்றாம் நாள் மாலை பச்சைக்கு அடியிலிருந்து ஒரு வளைந்த கோடு தெரிந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. தேய்ப்பதை மெதுவாக்கி, நான்கு நாட்களில் முழுவதையும் வெளியே கொண்டுவந்தேன். ஒரு சலவைக் கடையின் பெயர், சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல். கீழே நான்கே இலக்கத்தில் தொலைபேசி எண். எழுதியவர் தூரிகையை எடுத்த இடத்தில் ஓர் எழுத்தின் வால் சற்றே தடித்திருந்தது. வலப் பக்கத்திலும் இதே எழுத்து இருந்திருக்கும். அது பட்டறைத் தரையில் மணலோடு மணலாகப் பெருக்கித் தள்ளப்பட்டுவிட்டது.

இடப் பக்கத்தை அப்படியே விட்டு, மேலே பளபளப்பில்லாத, நிறமற்ற கிளியர் கோட் பூச்சு மட்டும் அடித்திருக்கிறேன். வலப் பக்கத்தில் தகட்டைச் சுருக்கிச் சரிசெய்து, பட்டி பார்த்து, புதுப் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. கண்காட்சிகளில் யாரும் வலப் பக்கம் வந்து நிற்பதில்லை. இன்று எனக்கு ஒரு முழுமையான பேனல் டிரக், அதாவது தன் இன்ஜினோடும் எழுத்தோடும் உள்ளது கிடைத்தால், அதில் கிராஸ்மெம்பரை வெட்டிப் பொருத்த மாட்டேன். பிரேக்கை மட்டும் பாதுகாப்புக்காகத் திருத்திவிட்டு 45 மைலிலேயே ஓட்டுவேன். ஸ்ட்ரீட் ராடுக்கு உரியவை எலும்புக்கூடாகக் கிடைப்பவை மட்டுமே என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு இங்கே நிறைய உண்டு.

நம் ஊர் வாசகர்களுக்குக் கட்டுரை சொன்ன யோசனையோ ஆபத்தானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் ஐம்பது வயதைக் கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகின்றன. ஆனால் சேஸிஸ், கூடு, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அதாவது இங்கே ஸ்ட்ரீட் ராடுக்குத் தகுதி தரும் அதே வேலை, அங்கே அந்தப் பதிவையே பறித்துவிடும். மேலும் அவ்விதிகள் சொந்த உபயோகத்துக்கான வண்டிகளைப் பற்றியவை. பழைய சரக்கு வேன் வைத்திருப்பவர்கள் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான படத்தைப் பற்றி. கீழே '1946 ஷெவர்லே' என்று அச்சாகியிருக்கிறது. படத்திலுள்ள வண்டியின் முகப்பில் படுக்கைவாட்டில் ஐந்து பட்டைகள் தெரிகின்றன. அந்த முகம் 1947 ஜூனில்தான் விற்பனைக்கு வந்தது. முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருப்பதால் 1954-க்கு முந்தியது. கதவில் காற்றுக்காகத் திறக்கும் சிறு முக்கோண ஜன்னல் இல்லை. அது 1951-இல் வந்தது. ஆகவே 1947-க்கும் 1950-க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். ஆனால் ஸ்ட்ரீட் ராடு ஆயிற்றே, கதவையே மாற்றியிருந்தாலும் வியப்பில்லை. இடது கதவின் கீல் தூணில் தொழிற்சாலைத் தகடு இன்னும் இருந்தால், அதிலுள்ள எண்ணை உரிமையாளரிடம் கேட்டு வாங்கி, சரியான ஆண்டை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மிச்சிகன், அமெரிக்கா.