நோட்டர் டேம் பல்கலைக்கழக அறங்காவலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். 2025 டிசம்பர் 7 அன்று நடந்ததை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்று, அடுத்த பத்தையும் வென்ற நம் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு, தேசியப் பட்டத்துக்கான பிளே ஆஃப் சுற்றின் கதவு சாத்தப்பட்டது.

நவம்பர் 29 அன்று ஸ்டான்ஃபோர்டை 49-20 என்று வென்றுவிட்டு வெளியேறிய இறுதியாண்டு மாணவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தத் தங்க நிறத் தலைக்கவசத்தை இனி அணியப்போவதில்லை என்பது அன்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வாரம் பிறர், பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் தத்தம் கூட்டமைப்பின் பட்டத்துக்காக மோதினார்கள். கால்பந்தில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்து நிற்பதால் இவர்களுக்கு ஆட ஆட்டமே இல்லை. நமக்குப் பதிலாக இடம் பெற்ற மயாமிப் பல்கலைக்கழக அணியும் அந்த வாரம் ஆடவில்லைதான். அது நம்மை 27-24 என்று நேரில் வென்றதும் உண்மை. ஆனால் வாரக்கணக்கில் தரவரிசையில் நமக்குக் கீழே வைத்திருந்த அணியை பிளே ஆஃப் தேர்வுக் குழு கடைசி நாளில் மேலே ஏற்றியதே, அது எந்த நியாயம்? மயாமிக்காக வாதாட அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பு இருந்தது. நம் மற்ற விளையாட்டுகள் பலவும் 2013 முதல் அதே கூட்டமைப்பில்தான் இருக்கின்றன. நமக்காகப் பேச ஒரு நாதி இல்லை.

கால்பந்துக்கும் அங்கே முழு உறுப்பினராகச் சேருங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

தனித்து நிற்பதை நாம் விரும்பித் தொடங்கவில்லை. பிக் டென் என்ற கூட்டமைப்பு அன்று நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பயிற்சியாளர் நூட் ராக்னியின் அணி ரயிலேறி ஊர் ஊராகப் போய் ஆடிப் பெயர் வாங்கியது. 1999இல் அதே பிக் டென் அழைத்தபோது உங்கள் குழு மறுத்ததில் மானம் இருந்தது. யாரோடு ஆடுவது என்ற உரிமையும் நம் கையில் இருந்தது. இன்று 1926இல் தொடங்கிய, யூஎஸ்சி (தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம்) அணியோடான மோதலே 2026 அட்டவணையில் இல்லை. எதைக் காப்பாற்ற இந்தத் தனிமை?

2026 முதல், தரவரிசையில் முதல் 12 இடங்களுக்குள் வந்தால் நமக்கு இடம் உறுதி என்பீர்கள். அந்தத் தரவரிசையைப் போடுவதும் அதே தேர்வுக் குழுதானே!

தொலைக்காட்சிப் பணம் இந்த விளையாட்டின் வரைபடத்தையே கிழித்துவிட்டது. பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கூட்டமைப்பில் ஆடுகிறது. மாணவர்கள் கண்டம் கடந்து பறக்கிறார்கள். இதில் நாமும் உத்தமர்கள் அல்லர், 1991 முதல் என்பிசி தொலைக்காட்சியோடு தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். இதைப் பற்றிப் பேசினால் ஆற்றாமைதான் மிஞ்சும், விட்டுவிடுகிறேன்.

கொரோனா காலத்தில், 2020இல், ஒரே ஒரு பருவம் அந்தக் கூட்டமைப்பில் ஆடினோம். பட்டத்துக்கான ஆட்டத்தில் கிளெம்சனிடம் 34-10 என்று தோற்றும், நான்கே அணிகள் கொண்ட பிளே ஆஃபில் நமக்கு இடம் கிடைத்தது. இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

அந்தக் கூட்டமைப்பின் மீது உங்களுக்குள்ள கோபம் எனக்கும் உண்டு. அந்தக் கோபத்துக்கு மாணவர்கள் விலை கொடுக்க வேண்டாம். முழு உறுப்பினராகச் சேர்வது பற்றி உங்கள் அடுத்த கூட்டத்திலேயே விவாதித்து, முடிவை வெளிப்படையாக அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இண்டியானாவில் வாழும் தமிழ் ரசிகன்