பெயரை விட்டுவிடு, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய விளம்பர வரைவை நேற்று இரவு அம்மாவும் நானும் பார்த்தோம். அந்தச் செனட்டரின் பெயரை உடைத்துச் சிலேடையாக்கியிருக்கிறாயே, அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போருக்கு எதிராக நீங்கள் செய்கிற வேலையை மதிக்கிறேன். அதனால்தான் தூக்கத்தை விட்டு எழுதுகிறேன்.

2007 செப்டம்பர் 10 அன்று நியூயார்க் டைம்ஸில், போரை எதிர்த்த மூவ்ஆன் என்ற அமெரிக்க அமைப்பு ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. நீ அப்போது சிறுமி. இராக்கில் அமெரிக்கப் படைகளின் தளபதியாக இருந்த ஜெனரல் டேவிட் பெட்ரேயஸ் அன்றுதான் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வந்தார். கூடுதல் படை அனுப்பியதால் பலன் உண்டா என்பதுதான் கேள்வி. விளம்பரமோ பெட்ரேயஸ் என்ற பெயரை 'பிட்ரே அஸ்' என்று திரித்து, 'நம்மைக் காட்டிக்கொடுப்பவரா?' என்று கொட்டை எழுத்தில் கேட்டது. காரில் வைத்த குண்டுகளால் இறந்தவர்களை இராணுவம் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற கனமான குற்றச்சாட்டு கீழே பொடி எழுத்தில் கிடந்தது. ஊரெல்லாம் பேசியது அந்தப் பெயரைத்தான்.

மறுநாள் செனட் குழுவில் செனட்டர் ஜான் வார்னர், போரைத் தொடங்கிய அதிபரின் கட்சிக்காரர், ஒரு கேள்வி கேட்டார்: இந்த வழி அமெரிக்காவைப் பாதுகாப்பாக ஆக்குகிறதா? 'எனக்குத் தெரியவில்லை' என்றுதான் ஜெனரல் முதலில் சொன்னார். போரை எதிர்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் எது? தளபதியின் வாயிலிருந்தே வந்தது. ஆனால் செப்டம்பர் 20 அன்று செனட் அந்த விளம்பரத்தைப் பற்றியே வாக்கெடுத்தது. 72க்கு 25 என்று கண்டனம் நிறைவேறியது. அடுத்த வாரம் கீழவையிலும் 341க்கு 79. செனட்டின் கண்டனத்துக்கு முந்தைய நாள்தான், வீரர்கள் போர்முனையில் இருந்த அளவுக்கு வீட்டிலும் இருக்கவேண்டும் என்ற செனட்டர் ஜிம் வெப்பின் திருத்தம் தேவையான 60க்கு 4 வாக்குக் குறைவாகி விழுந்தது. விளம்பரத்தால்தான் விழுந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாரம் யாருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டுமோ அவர்களுக்கு வரவில்லை.

கண்டனத்துக்குப் பிறகு மூவ்ஆனுக்கு நன்கொடை குவிந்தது, உண்மைதான். கொடுத்தவர்கள் ஏற்கெனவே உங்கள் பக்கம் இருந்தவர்கள், கண்ணு.

பஞ்சாலைச் சங்கத்தில் சுவரொட்டி எழுதியவன் நான். ஒரு போனஸ் போராட்டத்தில் மேலாளரின் பெயரை வைத்து ஒரு வசை எழுதினேன். வசைபாடக் காளமேகம் என்று தோழர்கள் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். பேச்சுவார்த்தையில் முதல் இரண்டு நாளும் என் மன்னிப்புக் கடிதத்தைப் பற்றியே போயின. போனஸ் மூன்றாம் நாள்தான் மேசைக்கு வந்தது. இன்றும் உறுத்துகிறது.

மென்மையாக எழுது என்று சொல்லவில்லை. 1989இல் கிரான் ஃப்யூரி என்ற கலைக்குழு எய்ட்ஸ் பற்றிப் பஸ்களில் ஒட்டியதைத் தேடிப் பார். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், ஆணும் பெண்ணும் முத்தமிடும் மூன்று படங்கள். 'முத்தம் கொல்லாது, பேராசையும் அலட்சியமும் கொல்லும்' என்பது வாசகம். கொதித்தவர்கள் ஏராளம். சிகாகோவில் சாயம் பூசிக் கெடுத்தார்கள். ஆனால் அதைத் திட்ட வந்தவனும் முத்தத்தால் நோய் வருமா, அலட்சியம் யாருடையது என்றே பேசியாக வேண்டியிருந்தது. குத்தல் நோயைப் பற்றிய பயத்தின் மேல் விழுந்தது, ஒருவர் பெயரின் மேல் அல்ல.

உன் வரைவில் கீழே ஓரத்தில், குண்டு விழுந்த பள்ளிக்கூடத்தின் படம் தபால்தலை அளவில் இருக்கிறது. அதைப் பக்கம் முழுக்கப் போடு. அந்தச் செனட்டர் எந்தத் தேதியில் எப்படி வாக்களித்தார் என்பதை அடியில் ஒரே வரியில் எழுது. பெயரை ஒழுங்காக, முழுதாக எழுது.

வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய். புதன் இரவு எத்தனை மணியானாலும் அனுப்பு, விழித்திருப்பேன். எழுத்துப்பிழை பார்க்க அம்மாவையும் எழுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா