லிம்ப் பார்சல் இங்கே வந்துவிட்டது

அன்புள்ள அம்முணிக்கு,

உன் காம்பவுண்ட் வில்லின் வளைகிற கைக்கு, அதுதான் லிம்ப், நீ போட்ட ஆர்டர் பெங்களூருக்குப் போகாமல் இங்கே வந்து நிற்கிறது. பழைய அட்ரஸை மாற்றாமல் விட்டிருக்கிறாய். உன் பேர் போட்டிருந்தாலும் பிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நாலு துண்டிலும் கீறல் இல்லை. பஞ்சை வைத்து ஓரமெல்லாம் தடவிப் பார்த்தேன், எங்கேயும் சிக்கவில்லை. எவ்வளவு வளையும் என்று காட்டுகிற டிஃப்ளெக்ஷன் நம்பரும் ஜோடி சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் இழுக்கிற எடை 50 பவுண்டு என்று போட்டிருக்கிறதே, கேட்டது நீதானா, கடைக்காரர் மாற்றி அனுப்பிவிட்டாரா? தம்பியிடம் கேட்டேன். "அக்கா ரூம்லயே மாத்திக்கப் போறா, வீடியோ பாத்து" என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. நீ சொல்லாதே என்றால் அவன் சொல்ல மாட்டான், எனக்குத் தெரியாதா.

சரி, வேலையைச் சொல்கிறேன். வில்லை அழுத்திப் பிடிக்கிற பிரஸ்ஸில் மாட்டாமல் லிம்ப் போல்ட்டை முழுசாகக் கழற்றக் கூடாது. ஸ்ட்ரிங் இழுவையில் இருக்கும்போது போல்ட் வெளியே வந்தால் லிம்ப் முகத்துக்குத்தான் வரும். லூஸ் பண்ணுவதானாலும் மேனுவலில் போட்டிருக்கும் சுற்றுக்கு மேல் போகாதே, மேலே எத்தனையோ கீழேயும் அத்தனை. கழற்றும் முன்னால் மேல் ஆக்சிலிலிருந்து கீழ் ஆக்சில் வரைக்கும் எவ்வளவு, பிடியிலிருந்து ஸ்ட்ரிங் எவ்வளவு என்று அளந்து எழுதி வை. லிம்ப் முனையில் ஸ்ட்ரிங் சுற்றுகிற சக்கரம், அந்த கேம், எந்த மார்க்கில் நிற்கிறது என்று போட்டோ எடு. கேமுக்கு இரண்டு பக்கமும் வரும் ஸ்பேசர் இடம் மாறினால் கேம் சாயும், அப்புறம் அம்பு ஏன் ஒரு பக்கமாகப் போகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வாய். ஆக்சில் முனையில் இருக்கும் கிளிப் தெறித்துக் கட்டிலுக்கடியில் போனால் போனதுதான். மாட்டி முடித்ததும் சும்மா ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம் என்று கை வரும். அம்பு வைக்காமல் இழுக்காதே. ஸ்ட்ரிங்கைப் பிடித்திருக்கும் ரிலீஸ் நழுவினால் புது லிம்ப் அன்றைக்கே போச்சு.

வீடியோவில் காட்டுகிற அந்தக் கையடக்க பிரஸ்ஸை நம்பாதே. உன்னுடையது மேலும் கீழும் இரண்டிரண்டாக இருக்கிற ஸ்பிளிட் லிம்ப், இழுக்காமல் வைத்திருக்கும்போதே நன்றாக வளைந்து படுத்திருப்பது. அதைப் பிடிக்கிற இடத்தில் பிடிக்காமல் நழுவினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஷெட்டில் நான் லேத்தில் கடைந்து செய்த பிரஸ் இருக்கிறது. அதில் விரல்களுக்கு ரப்பர்கூடப் புதுசாகப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் யாரும் லிம்ப் வாங்க மாட்டார்கள். உன் பழைய லிம்ப் 60, போல்ட்டைத் திருப்பினாலே 50 வரைக்கும் இறங்கும். நீ 54-இல் வைத்திருந்தாய். அந்த 50-உம் முடியாது என்றால்தான் லிம்பையே மாற்றுவார்கள். முழுசாக இழுத்து நிற்கும்போது கையில் இருப்பது 13, 14 பவுண்டுதான், அது சரி. ஆனால் கேம் திரும்புகிற வரைக்கும் முழு எடையையும் தாங்குவது தோள்தானே.

பொங்கலுக்கு வந்தபோது பரணில் இருந்த முறுக்கு டப்பாவை இடது கையால் எடுத்தாய். வலது கையை இடுப்போடு ஒட்டி வைத்திருந்தாய். அம்மாவும் பார்த்தாள். உன் பெரியப்பா தோளுக்கு ஆன கதை அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும்போல, அன்றைக்கெல்லாம் பேசவேயில்லை.

பவுண்டு குறைந்தால் கேவலம் ஒன்றும் இல்லை. உலகப் போட்டியிலேயே 60-க்கு மேல் கூடாது என்றுதான் விதி, இதற்குக் கீழே கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. வயசாகிவிட்டது என்று வேறு சொன்னாய். 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம்ம காம்பவுண்ட் வில்வித்தைக்காரி ஜோதி சுரேகா 3 தங்கம் வாங்கியபோது அவளுக்கு 27 வயசு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியைச் சேர்த்திருக்கிறார்கள். நீ போய் ஜெயிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாநிலப் போட்டியில் நீ கடைசி அம்பில் பத்து அடித்ததை இன்னும் ஒர்க்‌ஷாப்பில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவே எனக்குப் போதும். ஆனால் வலிக்கிறது என்பதை அப்பனிடம் சொல்வதற்கு உனக்கு என்ன கௌரவம்? தம்பிக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாது!

இங்கே எல்லோரும் சௌக்கியம். மோட்டார் ரிப்பேர், கொய்யா காய்த்திருக்கிறது. அம்பு வைக்காமல் இழுக்காதே, எழுதிவிட்டேனா தெரியவில்லை.

லிம்ப் மாற்றினால் வேலை அதோடு முடியாது. பவுண்டு குறைந்ததும் பழைய அம்பு உனக்கு விறைப்பாகத் தெரியும், 50 மீட்டருக்கு, குறி பார்க்கிற சைட்டையும் கீழே இறக்க வேண்டியிருக்கும். அதை உட்கார்ந்து சரி பண்ண இரண்டு நாள் வேண்டும். லீவு போட்டுவிட்டு வா.

கூரியரில் அனுப்பு என்று மட்டும் கேட்காதே, அனுப்ப மாட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் காலையில் காந்திபுரத்தில் நான் நிற்பேன். வரும்போது வில், அம்பு எல்லாம், மேனுவல், ஸ்கேன் கீன் ஏதாவது எடுத்திருந்தால் அதுவும். வில் பெட்டியை நீ தூக்காதே, கண்டக்டரிடம் சொல்லி இறக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா