ஆயிரம் ரூபாயிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். நம் பி.எஃப். பென்ஷனை உயர்த்தக் கேட்டுத் தேர்தல் நேரத்தில் சங்கம் திரட்டிய நிதிக்குப் பணம் போட்டீர்கள். வீடு வீடாக வந்து கையைப் பிடித்துச் சொல்ல வேண்டிய நன்றி இது. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், முக்கூடல் என்று அத்தனை ஊருக்கும் நடக்க என் முழங்கால் விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்தத் தேர்தல் நிதிக்குச் சங்கச் சந்தாவிலிருந்து ஒரு பைசா எடுக்கவில்லை. அரசியல் வேலைக்கென்று தனி நிதி வைத்துக்கொள்ளத் தொழிற்சங்கங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. அதற்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கொடுக்காதவரைச் சங்கச் சலுகையிலிருந்து ஒதுக்கவும் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆக, உண்டியலில் விழுந்தது எல்லாம் நீங்கள் மனசறிந்து போட்டது.

முக்கூடலில் ஒரு அக்கா. நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். நாங்கள் போனபோதும் மடியில் பீடித்தட்டு இருந்தது. பாஸ்புக்கைப் பிரித்துக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை ஆயிரம், ஆயிரம், ஆயிரம். மாசப் பென்ஷன் குறைந்தபட்சம் இவ்வளவு என்று 2014 செப்டம்பரில் வைத்த தொகை. இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது என்பதால் அரிசி விலை ஏறினாலும் அது அசையாது. தட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்த நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். “மருந்துக்கு வச்சுக்கிடுங்கக்கா” என்றேன். “அந்த மருந்துக்குத்தான கேக்கப் போறிய, வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி” என்றார். ரசீதில் பேர் சரியாக இருக்கிறதா என்று பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பென்ஷனை உயர்த்தச் சொல்லி வேட்பாளர்களிடம் மனு கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்டீர்கள். கோஷியாரி குழு 2013இல், குறைந்தபட்சப் பென்ஷனை மூவாயிரம் ஆக்கச் சொன்னது. அது மாநிலங்களவையின் மனுக்கள் குழு. யாரோ கொடுத்த மனுவை விசாரித்துத்தான் அப்படிப் பரிந்துரைத்தது. அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள், அவர்களை அனுப்புவது நம் ஓட்டு. வாசலுக்கு வந்த வேட்பாளர்களிடமெல்லாம் அதனால்தான் எழுத்தில் உறுதி கேட்டோம். கையெழுத்துப் போட்டுத் தந்தவரின் செலவுக்கு நிதியில் ஒரு பங்கைக் காசோலையாகக் கொடுத்தோம். மிச்சம் துண்டறிக்கைக்கும் வேன் வாடகைக்கும் தெருமுனைக் கூட்டத்துக்கும் போனது.

கல்லிடைக்குறிச்சித் தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வருஷா வருஷம் நாம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுத்தால்தான் பென்ஷன் வரும். நூல் கட்டியும் பீடி மடக்கியும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? எங்கள் ஆள் ஒருவரை ஒரு அலுவலகத்தில் ரேகை விழவில்லை என்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாசம் பணம் நின்றுபோனது, கடையில் கடன் ஏறியது. அவர் வீட்டுத் திண்ணையிலேயே இந்தத் தம்பி செல்போனை நீட்டி, முகத்தை வைத்துப் பதிவு செய்தான். “தாத்தா, நேராப் பாருங்க, ஒரு தடவ கண்ணச் சிமிட்டுங்க.” புரை எடுத்த கண். நாலாவது தரம்தான் பதிந்தது. அதன் பிறகு அந்தத் தெருவில் கேட்ட எல்லாருக்கும் செய்து கொடுத்தான். ஒரு டீயைத் தவிர வேறெதுவும் வாங்கவில்லை.

கடனுக்கு அச்சடித்துத் தந்த அச்சகக்காரர், மனுவைத் திருத்திக் கொடுத்த வக்கீல் அம்மா, வெயிலில் எங்களை உட்காரவைத்து மோர் தந்த வீட்டுக்காரர்கள், உங்களை எல்லாம் மறக்க மாட்டோம். அச்சகக் கடன் அடைந்துவிட்டது.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் வரவு செலவு வாசிக்கிறோம். ரசீதுக் கட்டைகள் மேசையில் இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். பணம் கொடுத்து ரசீது வராதவர்கள் அன்றைக்கு அவசியம் சொல்லுங்கள். முக்கூடலுக்கு எட்டரைக்கு வேன் வரும். அக்கா, முன் சீட் உங்களுக்கு.

அன்புடன்,
ஓய்வுபெற்றோர் கிளைச் செயலாளர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்